மூளைக்குள்ள போடறது இருக்கட்டும், வெளிய எடுத்துப் பழகறது எப்போ?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாபகசக்தி பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்ல வரல. ஆனா இந்த மாதிரி கட்டுரை எதை எடுத்தாலும் இதை சாப்பிடுங்க அதை சாப்பிடுங்க, இந்த ஆப்ப டவுன்லோட் பண்ணுங்கன்னுதான் முடியுது. உள்ள போனத வெளிய எடுத்துப் பழகணும்னு யாரும் சொல்றதே இல்ல.

ஒரு நடிகர் பேரு தொண்டை வரைக்கும் வந்து நிக்குது, வர மாட்டேங்குது, உடனே கை போனுக்குப் போகுதுல்ல, அங்கதான் கொஞ்சம் பொறுக்கணும்ங்கறேன். முதல் எழுத்து என்னவா இருக்கும், கூட நடிச்சது யாருன்னு மண்டைய குடைஞ்சு நாமளே எடுத்தா அது அடுத்த தடவை சீக்கிரம் வரும். இது சும்மா சொல்றதில்ல. 2006ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்கள வச்சு பாத்தாங்க, சில பேரு பாடத்த திரும்பத் திரும்ப படிச்சாங்க, சில பேரு ஒரு தடவை படிச்சுட்டு மூடி வச்சு ஞாபகம் இருக்கறத எழுதிப் பாத்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா திரும்ப படிச்சவங்கதான் முந்துனாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டா அப்படியே தலைகீழ். அப்போ பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிச்சதெல்லாம் எங்க போச்சுன்னு இப்ப புரியுது.

எங்க வீட்ல பெரியவர் ஒருத்தர் பேப்பர படிச்சு மடிச்சு வச்சப்புறம் அன்னைக்கு என்னென்ன வந்துச்சுன்னு வாயால சொல்லிப் பாப்பார். ஆரம்பத்துல சினிமா நியூசும் விபத்து நியூசும்தான் வரும், போகப்போக ஆறாம் பக்க மூலைல வந்த துணுக்கக்கூட சொல்ல ஆரம்பிச்சுட்டார், ஊர் பேரோட.

குறுக்கெழுத்து, சுடோகு எல்லாம் போடுங்க, தப்பில்ல, ஆனா சுடோகு போட்டா சுடோகுலதான் கெட்டிக்காரர் ஆவோம், சாவிய எங்க வச்சோம்ங்கறது அதால ஞாபகம் வந்துடாது. மூளை ட்ரெய்னிங் ஆப் வித்த ஒரு கம்பெனி இல்லாத பலனையெல்லாம் விளம்பரம் பண்ணுச்சுன்னு அமெரிக்க வர்த்தக கமிஷன் வழக்கு போட்டு, 2016ல 20 லட்சம் டாலர் கட்டித்தான் சமாதானம் ஆனாங்க. அதைவிட நடக்கறது மேல், காசும் கிடையாது. 2011ல வந்த ஒரு ஆய்வுல ஒரு வருஷம் ஒழுங்கா நடந்த வயசானவங்களுக்கு ஹிப்போகேம்பஸ்னு மூளைல ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி 2 சதவீதம் கூடியிருந்துச்சு, அந்த வயசுல அது சுருங்கத்தான் செய்யும். தூக்கத்தப் பத்தி நீங்களே எழுதிட்டீங்க, விட்டுடறேன்.

காதைப் பத்தி மட்டும் நீங்க ஒரு வரி கூட எழுதல. எட்டு மணிக்கு மாத்திரை போடணும்னு சொல்றோம், பெரியவங்க "ஆங் ஆங்"னு தலையாட்டறாங்க, ஒன்பதுக்கு கேட்டா நீ எப்ப சொன்னேங்கறாங்க, உடனே நாம மறதி வந்துருச்சுன்னு முத்திரை குத்திடறோம், டிவி சத்தம் தெரு முழுக்க கேக்கறத மட்டும் யோசிக்கறதில்ல. காதுலயே விழாதது எப்படிங்க ஞாபகம் இருக்கும்? 2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட நிபுணர் குழு டிமென்ஷியாங்கற மறதி நோயை தடுக்கவோ தள்ளிப்போடவோ நாம மாத்திக்கக்கூடிய காரணம்னு 14 சொல்லுச்சு, அதுல காது மந்தமும் ஒண்ணு, பார்வைக் குறைவு, சுகர், பிபி, தனிமை எல்லாம் இருக்கு. கண்ணாடி போட வெக்கப்படாத நாம காது மெஷின்னா மட்டும் ஏன் இப்படி ஒளிக்கறோமோ. அதே சமயம் தினம் போற வழியே குழம்புது, கேட்டதையே திரும்பத் திரும்ப கேக்கறாங்கன்னா இந்தப் பழக்கமெல்லாம் பத்தாது, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடணும்.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். குறுக்கெழுத்து பக்கத்துல சின்னதா ஒரு கட்டம் ஒதுக்கி, நேத்தைய பேப்பர்லருந்து அஞ்சு கேள்வி போடுங்க, விடைய அதே பக்கத்துல தலைகீழா அச்சடிக்காம மறுநாள் போடுங்க. பழைய பேப்பர எடுத்துப் பாக்காமதான் பதில் சொல்லணும்னு மேல ஒரு வரி போட்டா போதும்.

இப்படிக்கு,
உங்க தினசரி வாசகர்