அந்தத் தாளை மட்டும் கேட்காதீர்கள்

எங்கள் பகுதிக் கல்வி அலுவலர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

எதைப் பற்றிய மடல் என்று தங்களுக்கே தெரியும். எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர், தங்கள் சண்டையைச் சமரசப் பயிற்சி பெற்ற சக மாணவர்கள் முன்னால் பேசித் தீர்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட தாள், காலை வணக்கக் கூட்டத்தில் மைக்கில் வாசிக்கப்பட்டது. பாராட்டத்தான் வாசித்தார்கள். மறுநாளிலிருந்து அந்தப் பள்ளியில் சமரசத்துக்கு ஒருவரும் வரவில்லை.

கேட்பது ஒன்றுதான். அந்தத் தாளை வாங்காதீர்கள், வாசிக்காதீர்கள், கோப்பில் சேர்க்காதீர்கள்.

அந்தத் தாள் எப்படி உருவாகிறது என்பதைச் சொன்னால் காரணம் விளங்கும். சமரசம் செய்துவைக்க இரண்டு மாணவர்கள் உட்காருவார்கள். ஒருவராவது மேல் வகுப்பு. சண்டை போட்டவர்களின் தெருவாகவோ பெஞ்சாகவோ இருக்கக்கூடாது. முதல் கேள்வி: "பேசித் தீத்துக்கலாமா, இல்ல சார்கிட்டயே போறீங்களா?" ஒருவர் தலையை ஆட்டி மறுத்தாலும் அதோடு சரி. சம்மதித்தால் மூன்று விதிகள்: குறுக்கே பேசக்கூடாது, பட்டப்பெயர் கூடாது, இங்கே பேசியது வெளியே போகாது. ஆளுக்கு மூன்று நிமிடம். ஒருவர் சொன்னதை மற்றவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கோபம் இறங்குவது இந்த இடத்தில்தான். "ஏன்டா செஞ்சே?" என்று கேட்கவே கூடாது, அது ஸ்டாஃப் ரூம் விசாரணை. "அப்புறம் என்ன ஆச்சு?" என்றால் பேச்சு தானாக வரும். தீர்வைச் சண்டை போட்டவர்களே சொல்ல வேண்டும். "இனிமேல் சண்டை போட மாட்டோம்" என்று எழுதிய தாள் மறுநாளே செல்லாக்காசு. "கிழிந்த நோட்டுக்குப் பதில் புதன்கிழமைக்குள் 80 பக்க நோட்டு ஒன்று; வரைபடத்தை இருவரும் சேர்ந்து வரைவது" என்று எழுதினால் நிற்கும். ஒரு வாரம் கழித்து அதே இரண்டு மாணவர்கள் போய் விசாரிப்பார்கள்.

மொத்தம் 25 நிமிட வேலை. இதில் மூன்றாவது விதி போனால் மற்ற இரண்டும் வெறும் சடங்கு. "எங்கம்மா பீடி சுத்துறதைச் சொல்லிக் கிண்டல் பண்ணான்" என்பதை ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொல்வது அந்த விதியை நம்பித்தான். கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று பட்டியல் எழுத ஏற்கெனவே ஒரு லீடர் இருக்கிறார். தாள் அலுவலக அறைக்குப் போகத் தொடங்கினால் சமரசம் செய்யும் பிள்ளையும் இன்னொரு லீடர்தான். பிள்ளைகள் மொழியில், போட்டுக்கொடுக்கிறவன்.

எல்லாவற்றையும் மூடி மறைக்கச் சொல்லவில்லை. ரத்தக்காயம், கத்தி, ராகிங், பாலியல் தொல்லை, "செத்துடலாம் போல இருக்கு" என்ற பேச்சு, இவை பொறுப்பாசிரியருக்கு உடனே போக வேண்டியவை. உட்காரும்போதே இதைச் சொல்லிவிடுவார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவின்படி, அப்படிப்பட்ட குற்றத்தைப் பற்றிக் காவல்துறைக்குத் தகவல் சொல்வது கடமை. சொல்லத் தவறினால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. குழந்தைகளுக்கு அந்தத் தண்டனையிலிருந்து விலக்கு இருக்கிறது, நமக்கு இல்லை. சாதியைச் சொல்லித் திட்டியதையும் சமரசத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே இரண்டு பக்கமும் சமமில்லை. 'விட்டுக்கொடு' என்பது எப்போதும் ஒரே பக்கத்துக்குத்தான் போய்ச் சேரும்.

இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில், முப்பது பேர் வேடிக்கை பார்க்க, சத்துணவுத் தட்டைக் கழுவிவிட்டு வந்த மிச்ச நேரத்தில் நடக்கிறது இந்தச் சமரசம். வேலூர் வெயிலில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால், சமாதானமாக வந்தவர்களே சண்டைக்கு நிற்பார்கள். பேட்ஜுக்குப் பணம் இருந்தது, பேனருக்குப் பணம் இருந்தது, புகைப்படம் அனுப்பக் கடைசித் தேதியும் இருந்தது. ஒரு மின்விசிறியும் நான்கு நாற்காலியும் உள்ள அறைக்கு மட்டும் சாவி கிடைக்கவில்லை. குழாயடிச் சண்டை என்பது இங்கே பழமொழி இல்லை. பாதித் தகராறு தண்ணீர் வரிசையில்தான் தொடங்குகிறது. இன்னும் நாலு குழாய் போட்டுக் கொடுத்தால் சமரசப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வேலையே இருக்காது.

மன்னிக்கவும், குழாய்க்குத் தனியாக மனு கொடுத்துக்கொள்கிறோம்.

அலுவலகத்துக்குக் கணக்கு வேண்டும் என்பது புரிகிறது. மாதம் மூன்று எண்கள் தருகிறோம்: எத்தனை வழக்கு வந்தது, எத்தனை தீர்ந்தது, ஒரு வாரம் கழித்தும் எத்தனை நின்றது. பெயர் இருக்காது, வகுப்புகூட இருக்காது. தாள் பூட்டிய பெட்டியில் இருக்கும். ஒரு வாரத்து விசாரிப்பு முடிந்ததும் கையெழுத்துப் போட்டவர்களே கிழித்துப் போடுவார்கள்.

அந்தப் பெட்டியின் சாவியைத் தாங்கள் கேட்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வாசிக்கப்பட்ட தாளுக்கு உரிய இரண்டு பிள்ளைகளையும் தனியே அழைத்து, வாசித்தவரே வருத்தம் தெரிவித்தால் நன்றாக இருக்கும். மைக் வேண்டாம்.

இப்படிக்கு,
மாணவர் சமரசப் பயிற்சி தரும் ஆசிரியர்கள் சிலர்,
வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு