'தோப்காபி' நிறுத்தத்தில் இறங்கினால் அரண்மனை வராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த மத்தியதரைக் கடல் கப்பல் சுற்றுலா பற்றிய கட்டுரையில், இஸ்தான்புல்லில் கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் வேனுக்கும் டாக்சிக்கும் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை, டிராமிலேயே சுல்தான்களின் பழைய இருப்பிடமான தோப்காபி அரண்மனைக்குப் போய்விடலாம் என்று எழுதியிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே, 'தோப்காபி' என்ற பெயருள்ள நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளுமாறு வாசகர்களுக்கு வழி சொல்லப்பட்டிருந்தது. அது தவறு. அரண்மனைக்குப் போக இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பத்தாவது நிறுத்தம் அது. இதை வரைபடத்தைப் பார்த்து எழுதவில்லை. மனைவியோடு அந்த நிறுத்தத்தில் இறங்கி விழித்துக்கொண்டு நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

போக்குவரத்துக் கழகம் ஒன்றில் கால அட்டவணைப் பிரிவிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். ஆகவே டிராமின் கதவுக்கு மேலே ஒட்டியிருந்த நிறுத்தங்களின் வரிசையில் 'தோப்காபி' என்ற பெயரைக் கண்டதும், வேறு யாரையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சுல்தானஹ்மத் நிறுத்தத்தில் தொப்பியும் கேமராவுமாக இருந்தவர்கள் அத்தனை பேரும் இறங்கியபோது, "எல்லாரும் இறங்குறாங்களே, நாமும் இறங்கிடலாமா?" என்று மனைவி கேட்டாள். அவர்கள் மசூதி பார்க்கப் போகிறார்கள், நாம் அரண்மனைக்கல்லவா போகிறோம் என்று பெரிய விவரம் தெரிந்தவனைப் போலப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நாங்கள் இறங்கிய இடத்தில் இருந்தவை அகலமான சாலைகளும், சிதைந்த பழைய கோட்டைச் சுவரும்தான். எள் தூவிய வளைய ரொட்டியைத் தள்ளுவண்டியில் விற்றுக்கொண்டிருந்தவரிடம் அரண்மனையின் படத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, வந்த திசையைக் கை காட்டிவிட்டுப் பத்து விரல்களையும் விரித்தார். தினமும் எங்களைப் போல் எத்தனை பேரைப் பார்க்கிறாரோ தெரியவில்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். துருக்கி மொழியில் 'தோப்' என்றால் பீரங்கி, 'காபி' என்றால் வாயில். பீரங்கி வாயில் என்ற பெயர் அந்த நகரத்தில் இரண்டு இடங்களுக்கு இருந்திருக்கிறது. ஒன்று, நகரின் மேற்கு எல்லையில் நிற்கும் நிலப்பக்கத்துக் கோட்டைச் சுவரில் உள்ள வாயில். 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளை (இஸ்தான்புல்லின் பழைய பெயர்) முற்றுகையிட்ட உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் தன் பெரும் பீரங்கிகளைக் கொண்டு சுவரைத் தாக்கியது அந்தப் பக்கத்தில்தான். டிராம் நிறுத்தம் அந்த வாயிலின் பெயரைத் தாங்கியிருக்கிறது. மற்றொன்று, நகரின் எதிர்க்கோடியில் கடலோரச் சுவரில் இருந்த வாயில். அதை ஒட்டிக் கரையில் கட்டப்பட்டிருந்த மர மாளிகை தோப்காபி என்று அழைக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அது தீக்கிரையான பிறகு, மேட்டில் இருந்த பெரிய அரண்மனைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதுவரை சுல்தான்கள் அதைப் 'புதிய அரண்மனை' என்றே சொல்லி வந்தார்கள். ஒரே பெயர், நகரின் இரண்டு கோடிகள்.

இனிச் சரியான வழி. சுற்றுலாக் கப்பல்கள் அணைவது கலாத்தாபோர்ட் என்ற, 2021-இல் திறக்கப்பட்ட துறையில். அங்கே குடியேற்றச் சோதனை, பெட்டிகள் எல்லாம் தரைக்கு அடியிலேயே முடிந்துவிடுகின்றன. கப்பல் நிற்கும்போது மட்டும் கரையோர நடைபாதையில் பதித்த தட்டுகள் எழுந்து வேலியாக நிற்கும். கப்பல் போனதும் மடங்கிவிடும், ஊர்க்காரர்கள் மீண்டும் கடலோரம் உலாவுவார்கள். நம் துறைமுகங்களின் மதில்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அரண்மனையைவிட இதுவே பெரிய வியப்பாக இருந்தது என்று சொன்னால் மனைவி கோபித்துக்கொள்வாள். துறையை விட்டு வெளியே வந்து பெருந்தெருவை அடைந்தால், சாலையின் நடுவே தண்டவாளமும் தோப்ஹானே நிறுத்தமும் இருக்கும். தோப்ஹானே என்றால் பீரங்கி வார்ப்புச் சாலை. நம்மூர் ஜிம்கானாவில் இருக்கும் 'கானா'தான் இந்த 'ஹானே'யும். ஆகப் பயணி ஏறுவதும் ஒரு பீரங்கியில்தான், இறங்கக் கூடாததும் ஒரு பீரங்கியில்தான்.

வழித்தடத்தின் பெயர் டி1. 'பாஜிலார்' என்று முகப்பில் எழுதியிருக்கும் வண்டியில் ஏற வேண்டும். அடுத்த நிறுத்தம் கராக்கோய். பிறகு கலாத்தா பாலத்தின் மேலாகப் பொற்கொம்புக் கழியைக் கடந்து எமினோனு. அடுத்தது ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் வந்து நின்ற பழைய ரயில் நிலையம் இருக்கும் சிர்கெஜி. நான்காவது குல்ஹானே, ஐந்தாவது சுல்தானஹ்மத். இந்தக் கடைசி இரண்டில் ஒன்றில்தான் இறங்க வேண்டும். குல்ஹானேயில் இறங்கினால் பூங்காவின் வாயிலுக்குள் நுழைந்து, தொல்பொருள் அருங்காட்சியகத்தை ஒட்டிய ஏற்றத்தில் ஏறி அரண்மனையின் முதல் முற்றத்தை அடையலாம். மரநிழல் உண்டு, ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த ஏற்றம் ஆகாது. சுல்தானஹ்மத்தில் இறங்கினால் அந்த மேட்டை டிராமே ஏறிக் கொடுத்துவிடுகிறது. ஆயா சோபியாவைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் அகமதின் நீரூற்று மண்டபத்துக்கு எதிரே உள்ள பெரிய வாயிலுக்குப் பெரும்பாலும் சமதரையிலேயே நடந்து போய்விடலாம். பெரியவர்களோடு போகிறவர்கள் இதையே தேர்ந்துகொள்வது நல்லது. திரும்பும்போது வேண்டுமானால் பூங்கா வழியாக இறங்கலாம்.

கட்டுரையில் விடுபட்டுப்போன இன்னொன்று வார விடுமுறை. தோப்காபி செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். கப்பல் செவ்வாயன்று வந்தால் மனம் தளர வேண்டாம். அதே தோப்ஹானேயில் எதிர்த்திசை டிராமில் ஏறினால் இரண்டாவது நிறுத்தமான கபாதாஷே கடைசி நிறுத்தம். அங்கிருந்து கடலோரமாகச் சிறிது தூரம் நடந்தால் தோல்மாபாஹ்சே அரண்மனை. 1856-இல் சுல்தான் அப்துல்மஜித் குடும்பத்தோடு தோப்காபியை விட்டு வந்து குடியேறியது இங்கேதான். 1938 நவம்பர் 10 அன்று துருக்கிக் குடியரசின் முதல் அதிபர் அதாதுர்க் இறந்ததும் இதன் ஓர் அறையில்தான். இது திங்கட்கிழமை மூடியிருக்கும். உண்மையில் கப்பல் துறைக்குப் பக்கத்தில் இருக்கும் அரண்மனை இதுதான் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை.

பயணச்சீட்டுக்கு இஸ்தான்புல்கார்ட் என்ற அட்டையை நிறுத்தத்தில் உள்ள இயந்திரத்திலேயே வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். நாங்கள் ஒரே அட்டையை இரண்டு முறை காட்டி இருவரும் போனோம். கட்டணம் அடிக்கடி உயர்வதால் தொகையை நான் எழுதவில்லை. தங்கள் கட்டுரையிலும் தொகையை எழுதாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும் நேரத்தைப் பற்றி, அட்டவணை போட்டே பழகிய புத்தியில் ஒரு வார்த்தை. போகும்போது கால் மணி நேரம் ஆனது என்பதற்காகத் திரும்பும்போதும் அவ்வளவுதான் ஆகும் என்று கணக்குப் போடக் கூடாது. மாலையில் எமினோனுவில் படகுத்துறையிலிருந்து வரும் கூட்டம் ஏறும்போது கதவருகே கால் வைக்க இடம் இருக்காது. இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் நாங்கள் ஏற முடிந்தது. ஊர்வலம், ஓட்டப்பந்தயம் என்று டிராம் நிற்கும் நாட்களும் உண்டு. அப்படி நின்றாலும் பயமில்லை: சுல்தானஹ்மத்திலிருந்து எமினோனு வரை இறக்கம், அதன்பின் பாலம், பாலத்தின் இருபுறக் கைப்பிடியிலும் வரிசையாகத் தூண்டிலும் மீன் வாளியுமாக நிற்கும் மனிதர்கள், அக்கரையில் கராக்கோய், அடுத்து கப்பல். நடந்தே வந்துவிடலாம். கப்பல்காரர்கள் சொல்லும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே துறையின் வாசலில் இருப்பதுபோல் புறப்படுவது போதும்.

தங்கள் கட்டுரையைக் கத்தரித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு போகிற வாசகர்கள் இருப்பார்கள். நானே அந்த ரகம்தான். அடுத்த ஞாயிறு இணைப்பில், இறங்க வேண்டிய நிறுத்தம் சுல்தானஹ்மத் அல்லது குல்ஹானே என்றும், செவ்வாய் விடுமுறை என்றும் இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடம் இருந்தால் 'பாஜிலார்' என்ற பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற போக்குவரத்துக் கழக ஊழியர்,
கும்பகோணம்.