ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு செயற்குழு மாதம் தவறாமல் கூடியது, மே மாதம் நீங்கலாக. வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் உட்கார யாரும் தயாராக இல்லை. தெருவிளக்கு, கால்வாய் அடைப்பு பற்றிய மனுக்களில் பாதி முடிந்தது, மீதிக்கு நினைவூட்டல் போயிருக்கிறது. பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழக்கம்போல் கொடுத்தோம்.

கூட்டத்துக்கு வாங்கும் காபித்தூளை ஏன் மாற்றினீர்கள் என்று பலர் கேட்டதால், அதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டிசம்பரில் வேன் வைத்து ஏற்காடு போனோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில் இருவருக்கு வாந்தி, சரி, அதை விடுவோம். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்திலேயே காபி வந்து சேர்ந்த மலை அது. சிறு தோட்டக்காரர் ஒருவர் சுற்றிக் காட்டினார். வரிசை வரிசையாகச் செடியை எதிர்பார்த்துப் போன நாங்கள் காட்டுக்குள் நுழைந்தது போல நின்றோம். மேலே பலா, நாவல், அத்தி, கல்யாண முருங்கை, மரமெல்லாம் மிளகுக்கொடி, அடியில் ஆளுயரக் காபிச்செடி, பழம் சிவந்து பறிப்பு நடந்துகொண்டிருந்தது.

காபியின் பூர்வீகமே எத்தியோப்பிய மலைக்காட்டு மரத்தடிதான் என்றார் அவர். நிழலில் காய் நிதானமாகப் பழுக்கும். வெயில் நேராக விழும் அரபிகா வகைக் காபிச்செடியின் தண்டைத்தான் தண்டுதுளைப்பான் வண்டு தேடி வந்து முட்டையிடும். தாக்கிய செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. சருகு மெத்தைபோல் கிடப்பதால் மழை மண்ணை அறுப்பதில்லை. மொட்டைப் பாறை மலைகளைத் தினமும் பார்க்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து வரும் கதிர்குருவிகள் இலை இலையாகப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. தலைவர் ஐயா அரசவால் ஈப்பிடிப்பானைப் பார்த்தார். போனை எடுப்பதற்குள் போய்விட்டது. கோஸ்டா ரிக்காவில் பறவைகள் காபிக்காயைத் துளைக்கும் இன்னொரு வண்டின் தாக்குதலை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாக 2013-ல் ஓர் ஆய்வு வந்திருப்பதைத் திரும்பி வந்து படித்தேன். கூலி கேட்காத வேலையாட்கள்.

எல்லா நிழலும் ஒன்றல்ல. பக்கத்துத் தோட்டத்தில் சில்வர் ஓக் மட்டுமே நின்றது. ஆஸ்திரேலிய மரம், நேராக வளரும், நல்ல விலை போகும், மிளகு ஏற்றவும் வசதி. ஆனால் பழம் தின்னும் குருவிக்கு அங்கே ஒன்றுமில்லை. மரம் கலந்து வைத்தால் வெயிலில் வளர்க்கும் காபி அளவுக்கு விளைச்சல் வராது என்பதையும் தோட்டக்காரர் மறைக்கவில்லை. காபி விலை விழுந்த வருடம் மிளகும் ஆரஞ்சும்தான் வீட்டைக் காப்பாற்றுமாம்.

ஊருக்கு வந்து ஒரு கடையில் நிழல் காபி கேட்டோம். “எல்லாத் தூளையும் நிழல்லதான் சார் வெச்சிருக்கோம், வெயில்ல வெச்சா மணம் போயிடும்” என்றார் கடைக்காரர். அப்புறம்தான் அந்தத் தோட்டக்காரரிடமே கொட்டையாக வாங்கி இங்கே வறுத்து அரைப்பது என்று ஜனவரியில் தீர்மானம் போட்டோம். கிலோவுக்கு விலை கூடுதல்தான். பொருளாளர் எதிர்ப்புத் தெரிவித்ததும் பதிவாகியிருக்கிறது. இரண்டாவது டம்ளரும் அவர்தான் கேட்டார், அது பதிவேட்டில் இல்லை.

சிக்கரி எவ்வளவு கலப்பது என்பதில் மூன்று கூட்டமாக முடிவு ஏற்படவில்லை. அந்தப் பொருள் இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக இருக்கிறது. அடுத்து வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்