எஃப்1 அழுத்தினால் பதில் வரட்டும்: கடலூர், புதுச்சேரி கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கடலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். நிரல் மொழி என்று பார்த்தால் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். பைத்தானோடு கூடவே வரும் ஐடில் (IDLE) என்ற நிரல் எழுதும் மென்பொருளில்தான் எங்கள் பிள்ளைகள் நிரல் எழுதுகிறார்கள். அதில் இருக்கும் உதவி வசதியைப் பற்றித்தான் இந்த மடல். உங்களிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஐடிலே பைத்தானில் எழுதப்பட்டது; அதன் மூல நிரல் நம் கணினியிலேயே கிடக்கிறது; அதில் கைவைக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்.

எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் (range) என்ற சார்பை அடித்து அடைப்புக்குறியைத் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது? ஸ்டார்ட், ஸ்டாப், அப்புறம் சதுர அடைப்புக்குள் ஒரு காற்புள்ளியும் ஸ்டெப்பும். கடைசியாக இருப்பதைக் கொடுக்காமலும் விடலாம் என்பதற்குத்தான் அந்தச் சதுர அடைப்பு. அது பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சதுர அடைப்பு என்றால் லிஸ்ட், அதாவது பொருள்களின் பட்டியல், என்றுதான் படித்திருக்கிறார்கள். பெட்டியில் உள்ளதைப் பார்த்து அப்படியே அடிக்கிறார்கள், சின்டாக்ஸ் எரர், அதாவது மொழியின் இலக்கணப் பிழை, வருகிறது. வரிசைப்படுத்தித் தரும் சார்ட்டட் (sorted) என்று அடித்தால் இன்னும் குழப்பம். நடுவில் ஒரு சாய்கோடு, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். வகுத்தலும் பெருக்கலும் இங்கே எதற்கு சார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

பிழை வந்த பிறகு உதவி கேட்டாலும் இதே கதைதான். லிஸ்டில் ஐந்து பொருள் இருக்க, ஐந்தாம் எண்ணைக் கொடுத்து எடுக்கப் பார்த்தால் இன்டெக்ஸ் எரர் வரும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது என்பதை மறக்காத பிள்ளை கிடையாது. ஹெல்ப் போட்டு இன்டெக்ஸ் எரர் என்றால் என்ன என்று கேட்டால், ஒற்றை வரி விளக்கத்துக்குக் கீழே அந்த எரர் பைத்தானின் எந்தப் பிழை வகையிலிருந்து பிறந்தது, அதற்கு மேலே யார், அதற்கும் மேலே யார் என்று வம்சாவளி வாசிக்கிறது. அனுபவசாலிக்கு அது தேவைப்படலாம். லேபில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தேவை, ஐந்து பொருள் இருந்தால் கடைசி எண் நான்கு என்ற ஒரு வரி.

எஃப்1 அழுத்தினால் பைத்தான் ஆவணங்களின் முகப்புப் பக்கம் திறக்கிறது. கர்சர் எந்தச் சொல்லின்மேல் நிற்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. அந்த ஆவணங்கள் அருமையானவை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் தேட வேண்டியதன் பெயர் தெரிந்தவருக்குத்தான் அவை திறக்கும். சி மொழியில் நிரல் எழுத அந்தக் காலத்தில் இருந்த டர்போ சி-யில் வேலை செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு சொல்லின்மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல் எஃப்1 அழுத்தினால் அந்தச் சொல்லுக்கான பக்கமே வரும், கீழே ஓர் எடுத்துக்காட்டு நிரலோடு. 1990களிலேயே, இணையம் இல்லாமல், நீலத் திரையில். புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் (R) மொழியில் எக்ஸாம்பிள் என்று போட்டுச் சார்பின் பெயரைக் கொடுத்தால் ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு அங்கேயே ஓடிக் காட்டுகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

நான் கேட்பது இதுதான். ஐடிலுக்கு ஒரு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) எழுதுங்கள். கர்சர் நிற்கும் சொல்லுக்கோ வந்திருக்கும் பிழைக்கோ எஃப்1 அழுத்தினால் தமிழில் ஒரு சிறு பக்கம் திறக்கட்டும். முதலில் ஓடக்கூடிய எடுத்துக்காட்டு, அதன் விடை, அப்புறம் விளக்கம். இலக்கணக் குறியீடெல்லாம் கடைசியில் வந்தால் போதும். பிரவுசரில் திறந்தாலும் சரி, ஆனால் பக்கங்கள் கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும். 2011-இல் ‘தானே’, 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ என்று புயல்களைப் பார்த்த கரை இது. கரண்ட் வந்துவிட்டாலும் நெட் உடனே வந்துவிடுவதில்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்படிச் செய்தால் பலன் இருக்குமா என்று கேட்பவர்கள், 2021-இல் வந்த பைத்தான் 3.10-ஐப் பார்க்கலாம். அதற்கு முன்பு அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் பிழை அடுத்த வரியைக் காட்டும். சரியாக இருக்கும் வரியைப் பிள்ளைகள் அழித்து அழித்து எழுதுவார்கள். இப்போது, இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று அந்த இடத்தையே சுட்டிக்காட்டுகிறது. பெயரைத் தப்பாக அடித்தால், இதையா சொன்னீர்கள் என்று சரியான பெயரையே எடுத்துத் தருகிறது. இதற்காக மட்டும் என்னிடம் கை தூக்கியவர்கள் இப்போது தாங்களே திருத்திக்கொள்கிறார்கள்.

பாடத்தில் வரும் சொற்கள், பிழைகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டும் நான் எழுதித் தருகிறேன், மற்ற ஆசிரியர்களிடமும் கேட்டு வாங்குகிறேன். நிரல் வேலை உங்களுடையது. தொடங்கும் முன்பு ஒரு சனிக்கிழமை மஞ்சக்குப்பம் பக்கம் வாருங்கள். லேபில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எந்த வரியில் நின்றுவிடுகிறார்கள், அப்போது எந்த விசையைத் தொடுகிறார்கள் என்று பாருங்கள். அதை வைத்து முதல் பத்துப் பக்கங்கள் எவை என்று முடிவு செய்வோம்.

அன்புடன்,
ஒரு கணினி ஆசிரியர்,
கடலூர்