ஒரு கதவுக்காகக் கேட்கிறோம்

கிறிஸ்துவில் அன்புக்குரிய முன்னாள் மாணவர்களான அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், பெற்றோருக்கும், எங்களை நினைத்துச் செபிக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகக் கத்தோலிக்க மாணவர் மன்றத்தின் இந்த ஆண்டுக் குழு எழுதுகிறோம். எங்களில் சிலருக்கு இது கடைசி ஆண்டு. அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்புகளில் வேறு பெயர்கள் இருக்கும். மாணவர் மன்றம் என்றாலே அப்படித்தான்: மூன்று, நான்கு ஆண்டுகளில் எல்லோரும் கிளம்பிவிடுவோம். நீங்களும் அப்படிக் கிளம்பியவர்கள்தான். ஆனால் நீங்கள் போன பிறகும் மன்றத்துக்கு ஒரு குறை அப்படியே இருக்கிறது. அதற்கு ஓர் இடம் கிடையாது.

இன்றைக்கு மன்றத்துக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு பெட்டி இருக்கிறது. உங்களில் பலர் அதைத் தூக்கியிருப்பீர்கள். ஒரு பாடுபட்ட சுரூபம், பீடவிரிப்பு, இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகள், திருப்பலிப் புத்தகம், ஓரம் மடிந்துபோன பாட்டுப் புத்தகங்கள். ஞாயிறு மாலை அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அந்த வாரம் எந்த வகுப்பறை கிடைத்திருக்கிறதோ அங்கே போகிறோம். முதலில் வருபவர் கரும்பலகையில் இருக்கும் சமன்பாடுகளைத் துடைப்பார். பேராசிரியரின் மேசைதான் பீடம். திருப்பலி முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி மடித்துப் பெட்டியில் வைத்து, யாராவது ஒருவர் தம் விடுதி அறைக்கு எடுத்துப் போவார். அறை ஒதுக்கீட்டில் குழப்பம் வந்து, உள்ளே வேறொரு கூட்டம் நடக்க, நாங்கள் நடைக்கூடத்தில் நின்றபடியே திருப்பலி கண்ட ஞாயிறுகளும் உண்டு. யார் மீதும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரவல் இடம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

வகுப்பறையில் திருப்பலி நடப்பது குறை இல்லை. ஆண்டவர் மாட்டுத் தொழுவத்துக்கே வந்தவர். வாரத்தின் மற்ற ஆறு நாட்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பலிக்கு முன்னால் அரை மணி நேரம் ஃபாதர் மாடிப்படிக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்காருவார். அந்த வழியாக ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். வாரா வாரம் போய்ப் பழகியவருக்கு அது பெரிய தடை இல்லை. ஆனால் உறுதிபூசுதல் வாங்கிய பிறகு பாவசங்கீர்த்தனமே செய்யாத ஒரு மாணவர், முதன்முறை வீட்டை விட்டு வந்த இடத்தில், பல நாள் தயங்கி, கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்த மாடிப்படி வரை வருகிறார் என்று வையுங்கள். அங்கே வகுப்புத் தோழர்கள் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கைப்பேசியைப் பார்ப்பது போல ஒரு நிமிடம் நின்றுவிட்டு அப்படியே போய்விடுகிறார். இதை நாங்கள் ஒரு முறை அல்ல, பல முறை பார்த்திருக்கிறோம். அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு கதவுதான்.

திறந்தே இருக்கும் கதவு தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு தேர்வு வாரத்தில் எங்கள் தோழி ஒருவருக்கு அப்பா தவறிவிட்டதாகச் செய்தி வந்தது. விடியற்காலை வண்டிக்குத்தான் அவரால் கிளம்ப முடிந்தது. அந்த இரவு முழுவதும் அவருடன் உட்கார எங்களுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. நூலகம் பூட்டிவிட்டார்கள். விடுதியில் மற்றவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, செபமாலை சொன்னோம். அவர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு எங்களிடம் சொன்னது, அந்தப் படிக்கட்டுதான் தனக்கு அன்றைக்குக் கோயில் என்று. அது எங்களுக்கு ஆறுதல்தான். ஆனாலும் அந்தக் குளிரில் அவரை வெளியே உட்கார வைத்தோமே என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. இந்தத் திட்டம் பிறந்தது அந்த இரவில்தான்.

சரி, என்ன திட்டம்? வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் இரண்டு அறைகள் நீண்ட காலக் குத்தகைக்குக் கிடைக்கின்றன. உரிமையாளர் நம் நோக்கத்தைப் புரிந்துகொண்டு நமக்காகக் காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார். சிறிய அறை சிற்றாலயமாகும். அங்கே திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தைப் பாதுகாக்கும் நற்கருணைப் பேழை வைக்க ஆயரின் அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை ஃபாதர் பார்த்துக்கொள்கிறார். அதன் ஓரத்தில் தடுப்புச் சுவர் எழுப்பி, கதவு வைத்து, பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு சின்ன இடம். பெரிய அறையில் நீளமாக ஒரு மேசை, சுவரோரம் புத்தக அலமாரி, தண்ணீர் சுட வைக்க ஒரு மூலை. காலை முதல் இரவு வரை திறந்திருக்கும். கத்தோலிக்கர்தான் உள்ளே வரலாம் என்றெல்லாம் இல்லை. இப்போதும் நம் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர் பலர். விசுவாசத்தைத் தேடுகிறவரும், நண்பரோடு சும்மா வந்தவரும் அதே மேசையில் உட்காரலாம்.

அந்த நீள மேசையை நாங்கள் ஏன் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறோம் என்று சொல்ல வேண்டும். புதன்கிழமை உரைகள் உங்களுக்கு நினைவிருக்கும். இந்தப் பருவத்தில் ஒரு நாள் இயற்பியல் மாணவர் ஒருவர், பெருவெடிப்பை ஏற்றுக்கொண்ட பிறகு படைப்பை எப்படி நம்புவது என்று கேட்டார். நல்ல கேள்வி. அண்டம் விரிகிறது என்று 1927-ல் கட்டுரை எழுதி, 1931-ல் அது ஒரு ‘ஆதி அணு’விலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று முன்வைத்த ஜார்ஜ் லெமெய்த்தர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு என்பதில் பேச்சு தொடங்கியது. ஆனால் தம் அறிவியலை வைத்து விசுவாசத்தை நிரூபிக்கப் பார்ப்பதை அந்தக் குருவே விரும்பவில்லை. அது ஏன் என்பதில் பேச்சு சூடுபிடித்தபோது காவலர் வந்து விளக்கை அணைத்தார். நேரம் முடிந்துவிட்டது. அப்புறம் பத்துப் பேர் தெருவிளக்கின் கீழே நின்று பேசினோம். மழை தூறியதும் கலைந்தோம். கேள்வி கேட்டவர் அதற்குப் பிறகு வரவில்லை. பதில் பாதியில் நின்றுபோனதால்தான் வரவில்லை என்று உறுதியாகச் சொல்ல மாட்டோம். உட்கார ஓர் இடம் இருந்திருந்தால் அவர் அன்றே இன்னும் ஒரு மணி நேரம் எங்களோடு இருந்திருப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

இங்கிலாந்தைச் சேர்ந்த கர்தினால் ஜான் ஹென்றி நியூமனுக்கு இது நன்றாகத் தெரியும். பேராசிரியரிடம் கற்பதற்குக் குறையாமல், சேர்ந்து வாழும் இளைஞர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கிறார்கள் என்பது அவர் கருத்து. கத்தோலிக்க மாணவர்களை மனதில் வைத்து 1864-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நிலம்கூட வாங்கினார். எதிர்ப்பு வந்தது, அந்தத் திட்டம் நடக்கவில்லை. கத்தோலிக்கர் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படிக்க இருந்த தடையைத் திருச்சபை நீக்கியது 1895-ல். நியூமன் 1890-லேயே இறந்துவிட்டார். ஆனால் அந்தத் தடை நீங்கும் முன்பே அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், 1893-ல் மாணவர்கள் தங்கள் கத்தோலிக்க மன்றத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் ‘நியூமன் மையம்’ என்றால் நாங்கள் கேட்கும் அதே வகை இடம்தான். 2019-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். கர்தினாலானபோது அவர் தேர்ந்துகொண்ட விருதுவாக்கு, ‘இதயம் இதயத்தோடு பேசுகிறது’. தெருவிளக்கின் கீழே அது ரொம்ப நேரம் நடக்காது.

எங்களுக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுவது வேறொரு அறை. 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸில் சில மாணவர்கள் கூடினார்கள். அவர்களில் ஒருவரான பிரெடெரிக் ஓசானாமுக்கு அன்றுதான் 20 வயது நிறைந்தது. ஏழைகளுக்கு உங்கள் திருச்சபை இன்று என்ன செய்கிறது என்று சக மாணவர்கள் விவாதங்களில் கேட்ட கேள்வி அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. வாதாடி முடியாது, போய்ச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ரோசலி ராந்து என்ற அருள்சகோதரி ஏழைக் குடும்பங்களிடம் எப்படிப் போவது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார். இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பணிசெய்யும் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கம் அதுதான். சனிக்கிழமைகளில் முதியோரைப் பார்க்கப் போகும் நம் குழுவும் அவர்கள் காட்டிய வழியில்தான் நடக்கிறது.

அந்த மாணவர்கள் கூடியது எங்கே? எம்மானுவேல் பெய்யி என்பவர் நடத்திய பத்திரிகையின் அலுவலகத்தில். அவர் அவர்களைவிட வயதில் மூத்தவர், குடும்பஸ்தர். இடமும் கொடுத்தார், கூடவே உட்கார்ந்து வழியும் நடத்தினார். ஓசானாமின் பெயரை எல்லோரும் அறிவார்கள். 1997-ல் அவருக்குப் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டமும் கிடைத்தது. பெய்யியின் பெயரை அறிந்தவர் குறைவு. ஆனால் அந்த அறை இல்லாமல் அந்த மாலை இல்லை. இந்த வேண்டுகோளை எழுதும்போது நாங்கள் திரும்பத் திரும்ப நினைத்தது பெய்யியைத்தான். அவர் இருந்த இடத்தில் எங்களுக்கு நீங்கள் வேண்டும்.

இது எங்கள் ஆசை மட்டும் இல்லை. உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கம் சாராத பல்கலைக்கழகங்களிலும் மாணவர்களுக்கு ஆன்மீகத் துணையும் அறிவுத் துணையும் தரும் மையங்கள் வேண்டும் என்று கேட்கிறது. 1983-ன் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் எண் 813-ல் அதையே ஆயர்களின் பொறுப்பாகச் சொல்கிறது.

இனி பணம். குத்தகையின் முன்பணம்தான் பெரிய தொகை. அது சேர்ந்தால்தான் சாவி கைக்கு வரும். அடுத்தது பழுதுபார்ப்பு: சிறிய அறையின் ஒரு சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, மின்கம்பிகள் பழையவை, வாசலில் மூன்று படிகள் இருப்பதால் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை கட்ட வேண்டும். இதில் சரிவுப்பாதையைப் பிறகு பார்க்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். குழு ஒத்துக்கொள்ளவில்லை. திறந்த கதவு என்று சொல்லிவிட்டு ஒருவரை வாசலில் நிறுத்த எங்களுக்கு மனமில்லை. நாற்காலி, அலமாரி போன்றவற்றை மெதுவாகச் சேர்த்துக்கொள்வோம். மாத வாடகையும் மின்கட்டணமும் தொடர்ந்து வரும் செலவு என்பதால், ஒரேயடியாகப் பெரிய தொகை தருகிறவரைப் போலவே, மாதம் ஒரு சிறு தொகையை விடாமல் தருகிறவரும் எங்களுக்கு வேண்டியவர். உண்மையில் எங்களை நிம்மதியாகத் தூங்கவைப்பவர் அந்த இரண்டாமவர்தான்.

திருச்சபைச் சட்டம் 1267 ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: விசுவாசிகள் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும். ஆகவே இந்த நிதி மன்றத்தின் மற்றக் கணக்கோடு கலக்காது. தனிக் கணக்கில் இருக்கும். பொருளாளரும் ஃபாதரும் இருவருமாகக் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும். ஒவ்வொரு பருவ முடிவிலும் வரவு செலவு கொடுத்தவர் எல்லோருக்கும் வந்து சேரும். குத்தகை ஏதோ காரணத்தால் கைகூடாமல் போனால், உங்கள் பணத்தைத் திருப்பித் தரவா, வேறு இடம் பார்க்கும் வரை வைத்திருக்கவா என்று உங்களிடமே கேட்போம்.

இப்போது படிக்கும் மாணவர்களும் தங்கள் பங்கைக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டுத் தியானத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு பகுதியைக் கொடுத்து, தியானத்தை இந்த முறை ஒரு நாளாகச் சுருக்கிக்கொண்டோம். உதவித்தொகையில் படிப்பவர்களிடம் கேட்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தோம். அவர்களில் சிலர் கேட்காமலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்க மறுத்தால் அவர்களைப் புண்படுத்துவோம் என்று வாங்கிக்கொண்டோம். கடன் வாங்கியோ வீட்டில் மனக்கசப்பு உண்டாக்கியோ யாரும் தர வேண்டாம்.

பணம் இல்லாமலும் உதவலாம். மின்வேலை, தச்சுவேலை தெரிந்தவர்கள் இரண்டு நாள் ஒதுக்க முடியுமா? உங்களிடம் படித்து முடித்த இறையியல், மெய்யியல் புத்தகங்கள், புனிதர் வரலாறுகள், நல்ல நிலையிலுள்ள திருவிவிலியங்கள் இருந்தால் அலமாரிக்கு அனுப்புங்கள். குத்தகை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துச் சொல்ல ஒரு வழக்கறிஞரும் தேவை. இதில் மட்டும் அவசரம். இந்த மாதத்துக்குள் வேண்டும்.

நன்கொடையை மன்றத்தின் பொருளாளரிடம் தரலாம், ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு ஃபாதரிடமும் தரலாம். இரண்டுக்கும் ரசீது உண்டு. கொடுத்தவர் பெயர்களைச் சுவரில் பொறிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அதற்குப் பதிலாகச் சிற்றாலயத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப் போகிறோம். நாங்கள் யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று நன்கொடையோடு ஒரு பெயரை எழுதி அனுப்புங்கள். நோயில் இருப்பவர், இறந்துபோனவர், பேசாமல் இருக்கும் மகன், யாராக இருந்தாலும் சரி. முதல் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் எழுதியாயிற்று: படிக்கட்டில் உட்கார்ந்து எங்களோடு செபமாலை சொன்ன அந்தத் தோழியின் அப்பா.

இறையன்பில் உங்கள்,
மன்றக் குழுவினர்