கால்நடை நோய்க்குறியியல் மாணவர் மன்றத்தின் புதிய செயல்திட்டத்திற்கு நன்கொடை வேண்டுகோள்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

சேலம் மாவட்டத்தில் கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர்களாகிய நாங்கள் நடத்திவரும் நோய்க்குறியியல் (நோயால் உடலில் ஏற்படும் மாற்றங்களை ஆராயும் துறை) மன்றத்தில் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதற்காகவும், சேர்ந்தவர்கள் இடையில் விலகிவிடாமல் தொடர்ந்து பங்கேற்பதற்காகவும் வரும் கல்வியாண்டுக்கென ஒரு செயல்திட்டம் வகுத்துள்ளோம். அதற்குத் தேவைப்படும் ரூ.3,60,000 தொகையைத் திரட்டும் பொருட்டு, முன்னாள் மாணவர்கள், பணியிலும் ஓய்விலும் உள்ள கால்நடை மருத்துவர்கள், பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தினர், தீவன வணிகர்கள், மருந்து வணிகர்கள், ஆடு மாடு வளர்ப்போர் ஆகிய உங்கள் அனைவரையும் நாடி இவ்வேண்டுகோளை வெளியிடுகிறோம்.

மன்றத்திற்கு மாணவர்கள் ஏன் வருவதில்லை என்பதை முதலில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஐந்தரை ஆண்டுப் படிப்பில் சேரும்போது பெரும்பாலோர் மனத்தில் இருப்பது சிகிச்சை, அறுவை, நாய் பூனை மருத்துவமனை ஆகியவையே. நோய்க்குறியியல் என்றதும் அவர்களுக்கு நினைவுக்கு வருவது கண்ணை எரிக்கும் ஃபார்மலின் நெடியும், பிரேதப் பரிசோதனைக் கூடத்தின் வாடையும்தான். செத்துப்போன மாட்டை அறுத்துப் பார்த்து இனி என்ன ஆகப்போகிறது என்று மாணவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய பெற்றோரும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விளக்க உரையால் பதில் சொல்ல முயன்றால் மன்றக் கூட்டம் மாலையில் நடக்கும் இன்னொரு வகுப்பாகத்தான் அமையும். பகல் முழுவதும் வகுப்பில் அமர்ந்தவர் மாலையிலும் ஒரு வகுப்புக்கு வரமாட்டார். ஆகவே, விடையை மாணவர் தம் கண்ணால் காணும் இடத்திற்கு அவரை அழைத்துச் செல்வதே இத்திட்டத்தின் அடிப்படை.

ஆத்தூர், கெங்கவல்லி, வாழப்பாடி வட்டாரங்களில் மேய்ச்சலுக்குப் போன வெள்ளாடு ஒன்று மாலையில் வயிறு உப்பி இறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளருக்குப் பாம்பு கடித்திருக்குமோ என்ற ஐயம் வரும். பக்கத்துக் காட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டாரோ என்ற ஐயம் அதைவிட விரைவாக வரும். மருத்துவரோ முதலில் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயா என்று பார்ப்பார். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் கசிந்திருந்தால் உடலைத் திறக்கவே மாட்டார். திறந்தால் அந்தக் கிருமி காற்றுப் பட்டு வித்துகளாக மாறி அந்த மண்ணில் பல ஆண்டுகள் தங்கிவிடும் என்பதால், காது நுனியிலிருந்து ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடி வில்லையில் தடவி எடுப்பதோடு நிறுத்திக்கொள்வார். அடைப்பான் இல்லை என்று தெளிந்த பிறகுதான் துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோயா, வெறும் வயிற்று உப்புசமா, மரவள்ளித் தழையா என்ற கேள்விகள் எழுகின்றன. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் நிறைந்த நம் மாவட்டத்தில் மரவள்ளி இல்லாத ஊரைக் காண்பது அரிது. அதன் பச்சைத் தழையிலுள்ள லினமாரின் என்னும் பொருள் ஆட்டின் வயிற்றில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் சயனைடு நஞ்சை வெளிவிடுகிறது. அது உடலின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபடி தடுத்துவிடுவதால், இறந்த விலங்கின் சிரைகளில்கூட ரத்தம் பளிச்சென்ற சிவப்பாகவே இருக்கும். இந்த நிறம் நெடுநேரம் நிற்காது. உடனே பார்த்தவருக்குக் கிடைக்கும் சான்று, மறுநாள் வருபவருக்குக் கிடைப்பதில்லை. இரைப்பையில் உள்ள தழையைக் குப்பியிலிட்டு, அதன் வாயில் சோடியம் பிக்ரேட் தோய்த்த மஞ்சள் தாள் ஒன்றைத் தொங்கவிட்டு மூடினால், சயனைடு இருப்பின் தாள் செங்கல் நிறமாக மாறுகிறது. தாளின் நிறம் மாறும்போது சுற்றி நிற்கும் மாணவர்களில் ஒருவர்கூடக் கைப்பேசியைப் பார்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். அந்த விடை கிடைத்தபின் எஞ்சிய ஆடுகளை அந்தத் தோட்டத்திலிருந்து விலக்கலாம், இனித் தழையை வெயிலில் நன்றாக உலர்த்தியே போடும்படி சொல்லலாம். பக்கத்துக் காட்டுக்காரர் மீதான பழியும் நீங்கும். செத்த ஆட்டைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கு எங்களிடம் இதைவிட நல்ல பதில் கிடையாது.

இத்துறையின் பெரிய கதைகளும் மாணவர் காதுக்கு எட்டுவதில்லை. தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தபோது, இறந்த பறவைகளின் உள்ளுறுப்புகள் மீது வெண்மையான யூரிக் அமிலப் படிவு காணப்பட்டதைப் பின்தொடர்ந்து சென்ற ஆய்வாளர்கள், மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணியே காரணம் என்று 2004இல் நிறுவினார்கள். இந்தியாவில் 2006இல் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. 1999இல் நியூயார்க் நகரில் காகங்களும் உயிரியல் பூங்காப் பறவைகளும் இறந்தபோது, பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவின் நோய்க்குறியியலாளர் டிரேசி மெக்நமாரா அப்பறவைகளின் திசுக்களில் கண்டவற்றை விடாமல் வலியுறுத்தியது, மனிதர்களைத் தாக்கிக்கொண்டிருந்த நோய் மேற்கு நைல் வைரஸால் வந்தது என்று அறிய உதவியது. சேர்வராயன் மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இவை தொலைதூரச் செய்திகள் அல்ல.

செயல்திட்டத்தில் மிகுந்த செலவு பிடிப்பது ஒரு நுண்ணோக்கி. இப்போது மன்றக் கூட்டங்களில் ஒற்றை நுண்ணோக்கியின் முன் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கிறோம். மூத்த மாணவர் சுட்டிக்காட்டும் உயிரணுவைத்தான் தாம் பார்க்கிறோமா என்பது புதிதாக வந்தவருக்குத் தெரியாது. கேட்கத் தயங்கி, பார்த்ததாகத் தலையசைத்துவிட்டு நகர்வார், அடுத்த கூட்டத்திற்கு வரமாட்டார். ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைக் காணவும், உள்ளே நகரும் ஒளி அம்புக்குறியால் ஒருவர் காட்டுவதை மற்றவர் தொடரவும் உதவும் பல தலை நுண்ணோக்கியும், அதனுடன் இணைத்துப் பெரிய திரையில் காட்டுவதற்கான கேமராவும் வாங்குவதற்கு ரூ.2,10,000 ஒதுக்கியுள்ளோம். மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் ஒரே கருவிக்கா என்று குழுவிற்குள்ளேயே விவாதம் நடந்தது. எனினும், கருவி பல ஆண்டுகள் நிற்கும், பிற செலவுகள் ஓராண்டில் கரைந்துவிடும் என்பதால் இதில் குறைப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

இந்த நுண்ணோக்கியைச் சுற்றித்தான் மாலைக் கூட்டங்கள் அமையும். முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் கூட்டத்தில் உரைகள் இருக்காது. அவரவர் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் எடுத்துக் கொடுத்த ரத்தத் தடவலை அங்கேயே லீஷ்மன் சாயமேற்றி, கால் மணி நேரத்தில் பார்க்கச் செய்வோம். தம் வீட்டுக் கறவை மாட்டின் சிவப்பணுவுக்குள் உண்ணி கொண்டுவந்து விட்ட தைலேரியா என்னும் ஒட்டுண்ணியைக் காணும் மாணவருக்கு, மன்றம் எதற்கு என்று தனியே விளக்க வேண்டியிருக்காது. அடுத்தடுத்த கூட்டங்களில், விடை அறிவிக்கப்படாத திசு ஸ்லைடு ஒன்றை வைத்து, விலங்கு எது, உறுப்பு எது, நோய் எது என்று குழுக்களாக வாதிடுவார்கள். இதில் முதலாண்டினரும் இறுதியாண்டினரும் ஒரே குழுவில் கலந்திருப்பது கட்டாயம். அமெரிக்காவின் கூட்டு நோய்க்குறியியல் மையம் நடத்தும் புதன்கிழமை ஸ்லைடு கருத்தரங்கின் நோய்க் குறிப்புகள் எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. அவற்றைப் பயன்படுத்துவோம் என்றாலும், நம் ஊர் ஆட்டம்மை, ஆட்டுக்கொல்லி, கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் ஆகிய நோய்களின் ஸ்லைடுகளை நாமே தயாரித்துச் சேர்ப்பதே எங்கள் விருப்பம். மேச்சேரி செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் நம் மாவட்டத்தின் இனங்கள். அவற்றின் நோய்த் தொகுப்பு இங்கே இல்லாமல் வேறெங்கே இருக்கும்? ஸ்லைடு, மெழுகு, சாயங்கள், மாதிரிக் குப்பிகள் ஆகியவற்றுக்கு ரூ.45,000 ஆகும்.

கிராம முகாம்களுக்கு ரூ.60,000. உள்ளூர்க் கால்நடை உதவி மருத்துவரின் மேற்பார்வையிலும் எங்கள் பேராசிரியர் உடனிருப்பிலும் மட்டுமே மாணவர்கள் பிரேதப் பரிசோதனையில் பங்கேற்பார்கள். நம் ஊர் வெயிலில் மாட்டின் உடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடுவதால், செய்தி வந்ததும் கிளம்ப ஒரு வாகனம் வேண்டும். மாணவியர் இருட்டிய பின் பத்திரமாக விடுதி திரும்பவும் அது வேண்டும். தொகையின் பெரும்பகுதி வாகன வாடகைக்கே போகும். ஏற்காட்டு மலைக் கிராமங்களையும் முகாமில் சேர்த்துள்ளோம். அங்கே மேய்ச்சல் குறையும் காலத்தில் மாடுகள் உண்ணிச்செடியைத் தின்று ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலையும் வெயில் பட்ட இடங்களில் தோல் வெடிப்பும் கண்டு மெலிகின்றன. நோய் என்ன என்று தெரியாமலே விற்றுவிடுகிறார்கள். மலையில் காட்டெருமை இறந்து கிடந்தால், வனத்துறை அனுமதியின்றி எங்கள் உறுப்பினர் எவரும் அதன் அருகே செல்லமாட்டார் என்பதையும் உறுதி கூறுகிறோம். காலுறை, கையுறை, மேலங்கி, முகக்கவசம், கிருமிநாசினி ஆகியவற்றுக்குத் தனியாக ரூ.20,000 வைத்துள்ளோம். இதை எக்காரணம் கொண்டும் வேறு செலவுக்கு மாற்றுவதில்லை.

மீதி ரூ.25,000 சேலம் நகரில் பள்ளி மாணவர்களுக்கும் பொதுமக்களுக்குமாக நடத்தவிருக்கும் கண்காட்சிக்கானது. தெரு மாட்டின் இரைப்பையிலிருந்து எடுத்த பாலித்தீன் உருண்டை, தீவனத்தோடு விழுங்கிய கம்பி இரைப்பையைத் துளைத்து இதயம் வரை சென்று சீழ் பிடித்த மாதிரி ஆகியவற்றை நிறம் மங்காமல் காக்கும் கைசர்லிங் முறையில் பதப்படுத்தி வைப்போம். மண்ணீரலில் அமிலாய்டு என்னும் புரதம் படிந்து, வெட்டிய முகத்தில் மணி மணியாகத் தெரியும் நிலையை நூல்கள் ஜவ்வரிசி மண்ணீரல் என்று குறிப்பிடுகின்றன. சேலத்தில் அதற்கு விளக்கப் பலகை தேவைப்படாது. கண்காட்சியில் விளக்கம் சொல்பவர்கள் இரண்டாமாண்டு மாணவர்களே. பிறருக்கு விளக்குவதற்காகப் படிப்பவர் மன்றத்தை விட்டு எளிதில் போவதில்லை என்பதால், பொறுப்பை மூத்தவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வகுத்திருக்கிறோம்.

டி-சட்டை, நினைவுப் பரிசு, விருந்து ஆகியவற்றுக்கு இத்திட்டத்தில் ஒரு ரூபாயும் இல்லை. அவற்றால் ஒரு நாள் கூட்டம் சேரும். மறுவாரம் ஒற்றை இலக்கத்தில் அமர்ந்திருப்போம். பங்கேற்புச் சான்றிதழும் ஓராண்டு தொடர்ந்து வந்தவர்களுக்கே வழங்கப்படும்.

நன்கொடை, துறைப் பேராசிரியர் ஒருவரும் மாணவப் பொருளாளரும் சேர்ந்து கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் வரவு வைக்கப்படும். ரூ.100 கொடுத்தாலும் வரிசை எண்ணிட்ட ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு காலாண்டுக்கு ஒருமுறை நன்கொடையாளர்களுக்கு அனுப்பப்படும்; பெயர் வெளியிட வேண்டாம் என்பவர்களின் விருப்பம் மதிக்கப்படும். மருந்து, தீவன நிறுவனங்கள் அளிக்கும் தொகையை நன்றியுடன் பெறுவோம். ஆனால் அவர்களுடைய பொருள்களுக்கான விளம்பரம் முகாம்களில் இடம்பெறாது. நுண்ணோக்கிக்கான தொகை முழுமையாகச் சேரவில்லையெனில், சேர்ந்த அளவை வேறு எதற்கும் செலவிடாமல் அடுத்த ஆண்டுக்கு வைத்திருப்போம். திரும்பப் பெற விரும்புபவர்களுக்குத் திருப்பித் தருவோம்.

பணமாகக் கொடுக்க இயலாதவர்கள் வேறு வகையிலும் உதவலாம். ஓய்வுபெற்ற மருத்துவர்கள் தம்மிடமுள்ள பழைய ஸ்லைடுகளையும் மூடியுடன் கூடிய கண்ணாடிக் குப்பிகளையும் வழங்கலாம், மாலைக் கூட்டத்திற்கு வந்து ஒரு நோயைப் பற்றிப் பேசலாம். வாகனம் உள்ளவர்கள் முகாம் நாள்களில் தரலாம். ஆடு மாடு வளர்ப்போரிடம் நாங்கள் கேட்பது, கால்நடை திடீரென்று இறந்தால் உடனே புதைத்துவிடாமலும், அறுத்து இறைச்சியாக்காமலும், முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிப்பதுதான். காப்பீடு செய்த மாடாக இருந்தால் காது வில்லையை அகற்றாமல் வைத்திருங்கள். இழப்பீடு பெறப் பிரேதப் பரிசோதனைச் சான்றோடு அதுவும் கேட்கப்படும்.

நன்கொடைகளை ஆகஸ்ட் மாத இறுதிக்குள் கல்லூரியின் நோய்க்குறியியல் துறை அலுவலகத்தில் நேரில் செலுத்தியோ, எங்கள் உறுப்பினர்களிடம் ரசீது பெற்றுக்கொண்டு அளித்தோ உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். ரசீதுப் புத்தகத்தில் துறை முத்திரை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இங்ஙனம்,
நிர்வாகக் குழுவினர்,
கால்நடை நோய்க்குறியியல் மாணவர் மன்றம்,
சேலம் மாவட்டம்.