கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள். கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே சுகம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன்.

ஆராதனைக்குப் போகிறாயா, யாரோடு தங்கியிருக்கிறாய், அவர்களுக்கு நம் விசுவாசத்தைப்பற்றிச் சாட்சி சொன்னாயா என்று கேட்டிருந்தீர்கள். ஆராதனைக்குப் போகிறேன். இரவு வேலை முடிந்த ஞாயிறுகளில் பிரசங்கத்தின்போது கண் சொருகும், ஆனாலும் போகிறேன். சின்னச் சபை, வயதானவர்கள்தான் அதிகம். பாட்டெல்லாம் மெதுவாகப் போகும், கைதட்டல் கிடையாது. பழகிவிட்டது.

வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள். ஒருத்தி சூடானிலிருந்து வந்த முஸ்லிம். இன்னொருத்தி வியட்நாம்காரி, பௌத்த மதம். மூன்றாமவள் இந்த நாட்டுக்காரி, கடவுளே இல்லை என்பவள். சூடான்காரி விடியுமுன் எழுந்து தொழுவாள். கைகால் கழுவும்போது எங்கள் தூக்கம் கெடக்கூடாது என்று குழாயை நூல்போல்தான் திறப்பாள். நான் மேசையில் வேதத்தை விரித்திருப்பதைக் கண்டால், போன் பேசிக்கொண்டிருந்தாலும் மாடிப்படிக்குப் போய்விடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது, "உன் பாஸ்டருக்குத் தகவல் சொல்லட்டுமா?" என்று கேட்டவள் யார் தெரியுமா? அந்தக் கடவுள் இல்லை என்பவள்தான்! இவர்களை "அவிசுவாசிகள்" என்ற ஒரே மூட்டையில் கட்டிப் பேச இப்போது எனக்கு வாய் வருவதில்லை.

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். நோயாளி கேட்காமல் நம் மதத்தை அவர்மேல் திணிக்கக்கூடாது என்று எங்கள் வேலையில் கட்டுப்பாடு உண்டு. நியாயமான கட்டுப்பாடுதான். படுக்கையில் கிடக்கிறவர் எழுந்து வெளியே போக முடியாது. நாம் பேசுவதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்படிப்பட்டவரிடம் பிரசங்கம் பண்ணுவது ஊழியமா?

என் பராமரிப்பில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். "எனக்காக ஜெபம் கிபம் எதுவும் வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சரி என்றேன். அவருக்காக ஜெபிக்கிறேன், அது எனக்கும் கர்த்தருக்கும் உள்ளது. அவர் காதுபட ஜெபிப்பதில்லை, அவ்வளவே. ஒரு இரவு தூக்கம் வராமல் அவரே ஆரம்பித்தார். "நீ ஏன் நம்புகிறாய்? பாடம் எடுக்காமல் சொல்." கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டே, அப்பா இறந்த பிறகு நம் வீடு எப்படி நிமிர்ந்தது என்று சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை" என்று சொல்லிவிட்டுக் குறுக்கெழுத்துப் புதிரை எடுத்துக்கொண்டார்.

சபையில் சாட்சியாகச் சொன்னால் இதற்கு யாரும் அல்லேலூயா சொல்லமாட்டார்கள். ஆனால் 1 பேதுரு 3:15ஐ எடுத்துப் பாருங்கள். "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லத்தானே ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார்? நாம் ஆயத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சாந்தத்தை விட்டுவிடுகிறோம்.

பவுலையும் பாருங்கள். அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணம் முழுக்க விக்கிரகங்களைக் கண்டு உள்ளுக்குள் கொதித்தவர், பேச எழுந்ததும், நீங்கள் மிகுந்த தேவபக்தியுள்ளவர்கள் என்றுதான் தொடங்குகிறார். அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துச் சொல்கிறார். அதற்காகச் சொல்ல வந்ததைக் குறைத்தாரா? உயிர்த்தெழுதல்வரை சொன்னார். சிலர் சிரித்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். சிரித்தவர்களைச் சபிக்காமல் புறப்பட்டுப் போனார்.

இன்னொருவர் அசிசி பிரான்சிஸ். கத்தோலிக்கத் துறவி என்று ஒதுக்கிவிடாதீர்கள் அண்ணா, இந்தக் கடிதமே அதைப்பற்றித்தான். 1219இல் சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்தபோதே எகிப்தில் சுல்தான் அல்-காமிலைப் போய்ப் பார்த்தார். சுல்தான் மதம் மாறவில்லை, பிரான்சிஸும் மாறவில்லை. பிறகு தன் துறவறச் சகோதரர்களுக்கு 1221இல் எழுதிய ஒழுங்குவிதியில், இஸ்லாமியரிடையே போகிறவர்கள் வாக்குவாதம் செய்யாமல், எல்லாருக்கும் பணிந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று மட்டும் ஒப்புக்கொண்டு வாழலாம், கர்த்தருக்குப் பிரியம் என்று கண்டால் வசனத்தைச் சொல்லலாம் என்றார். என் வீட்டில் நான் செய்வது இந்த முதல் வழி.

இனி நான் எழுத வந்த விஷயம். மூத்தவள் கல்யாணத்துக்குச் சித்தப்பா மகனைக் கூப்பிட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறீர்களாம், அம்மா போனில் சொன்னார்கள். அவன் சபையைவிட்டுப் போனதில் எனக்கும் வருத்தம்தான். அவன் சொல்லும் காரணங்களை நான் ஏற்கவில்லை, அதை அவனிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் சமாரிய ஊர்க்காரர்கள் இயேசுவை ஏற்றுக்கொள்ளாதபோது, வானத்திலிருந்து அக்கினியை இறக்கட்டுமா என்று கேட்டது யாக்கோபும் யோவானும். அவர் அதட்டியது அவர்களைத்தான், அந்த ஊரை அல்ல. லூக்காவில் அடுத்த அதிகாரத்திலேயே, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவனாக ஒரு சமாரியனைக் கதையில் கொண்டுவந்து நிறுத்துகிறார். மோசேயின் ஐந்து ஆகமங்களைத் தவிர வேறு எதையும் வேதமாக ஏற்காதவர்கள் சமாரியர்கள். அவர்களில் ஒருவனைக் காட்டி, நீயும் போய் அப்படியே செய் என்கிறார்.

பத்திரிகையைத் தபாலில் போடாமல் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றைக்குச் சபைப் பேச்சை எடுக்காதீர்கள். பாஸ்டர் ஏதாவது கேட்டால், இவன் எங்கள் தம்பி என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன சுவிசேஷக் கைப்பிரதிக் கட்டு எனக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக அப்பாவின் பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்தை அனுப்புங்கள்.

தேதி முடிவானதும் சொல்லுங்கள். இங்கே லீவுக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும்.

உங்கள் அன்புத் தங்கை